பாண்டிருப்புப் பூட்டனைத் தேடுபவருக்கு

1915 அளவில் இலங்கையின் கிழக்கே, கல்முனைப் பக்கத்துப் பாண்டிருப்பில் பிறந்த பூட்டனின் பிறப்புப் பதிவு அம்பாறை மாவட்டத்தில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அம்பாறை தனி மாவட்டமானதே 1961இல்தான். அதற்கு முன் கல்முனைப் பக்கமெல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். அதனால் மட்டக்களப்பிலும் ஒருமுறை தேடச் சொல்லுங்கள்.

தேடும்போது பூட்டனின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிந்த பெயர் வேறொன்று. தகப்பன், தாய் பெயரை வைத்து, முன்னும் பின்னும் ஐந்து வருடம் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பெத்தாவை (பாட்டியை) ஊரே 'தங்கம்' என்றது. பதிவில் அவர் கண்ணம்மை. அது தெரியவந்தது பதிவேட்டிலிருந்து இல்லை, ட்ரங்குப் பெட்டியில் வேட்டித் துண்டில் சுற்றிக் கிடந்த சீதனக் காணி உறுதிப் பத்திரத்திலிருந்து!

அதனால் காணி உறுதிகளைக் கிளறுங்கள். பூட்டனின் விவாகப் பதிவு கிடைத்தால் வயதும் தகப்பன் பெயரும் அதிலேயே இருக்கும். அப்புறம், அவர் என்ன குடி, அதாவது எந்தக் குலவழி, என்று கோயிலில் விசாரியுங்கள். நம் பக்கம் குடி தாய்வழி என்பதால் அவருடைய தாயின் குடும்பத்துக்கு அதுவே வழி காட்டும். குடி என்னவென்று தெரிந்தால் இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.