'4 ஓம்' என்று ஆம்ப்பில் போட்டிருப்பது எந்த ஸ்பீக்கருக்கு?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்:

"அண்ணே, பங்குக் கோவில் பாடற்குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கிறேன். எங்கள் பேஸ் ஆம்ப்புக்குள் இரண்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர் இருக்கின்றன. ஒன்றில் சத்தமே இல்லை, இன்னொன்று கரகரக்கிறது. ஸ்பீக்கரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் துருவோடு போய்விட்டது. ஆம்ப்பின் பின்பக்கம் '100 வாட், 4 ஓம்' என்று மட்டும் இருக்கிறது. கடையில் 4 ஓம் ஸ்பீக்கர் ஜோடியாகக் கிடைக்கிறது, விலையும் பரவாயில்லை. 4 ஓம் ஆம்ப்புக்கு 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் சரிதானே? ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழா வருகிறது, அதற்குள் தயாராக வேண்டும்."

சரியில்லை தம்பி. பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவரைக்கும் நல்லது. ஆம்ப்பின் முதுகில் போட்டிருக்கும் 4 ஓம் தனித்தனி ஸ்பீக்கருக்கான எண் இல்லை. உள்ளே எத்தனை ஸ்பீக்கர் இருந்தாலும், எல்லாம் சேர்ந்து ஆம்ப்புக்குக் காட்டும் மொத்தத் தடை அது. ஓம் என்பது மின்சாரத்துக்கான தடையின் அளவு. இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் மொத்தம் 4 ஓம் என்றால், பெரும்பாலும் உள்ளே இருப்பவை இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள்.

இரண்டு எட்டு சேர்ந்தால் பதினாறுதானே, நான்கு எப்படி என்று தோன்றும். நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடையைத் திறந்தால் ஒரு பங்கு தண்ணீர் ஓடும். பக்கத்தில் அதே அளவு இன்னொரு மடையையும் திறந்தால் இரண்டு பங்கு ஓடும். தண்ணீருக்கு வழி இரண்டானதால் தடை பாதியாகிவிட்டது. இதுதான் பேரலல் இணைப்பு: இரண்டு ஸ்பீக்கரின் பிளஸ் முனைகளும் ஒன்றாக, மைனஸ் முனைகளும் ஒன்றாக. இரண்டு 8 ஓம் பேரலலில் 4 ஓம், இரண்டு 4 ஓம் பேரலலில் 2 ஓம். ஒரு மடையிலிருந்து வரும் தண்ணீர் அடுத்த மடையையும் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் தடை கூடும். அது சீரிஸ். இரண்டு 8 ஓம் சீரிஸில் 16 ஆகும், இரண்டு 4 ஓம் சீரிஸில் 8 ஆகும்.

ஆக, கடைக்காரர் தரும் 4 ஓம் ஜோடியைப் பழைய வயரிலேயே மாட்டினால் ஆம்ப்புக்கு 2 ஓம் தெரியும். 100 வாட்டை 4 ஓமில் தர ஆம்ப் 20 வோல்ட், 5 ஆம்பியர் கொடுக்கிறது. அதே 20 வோல்ட்டை 2 ஓமில் கொடுத்தால் 10 ஆம்பியர் இழுக்கும். அவுட்புட் டிரான்சிஸ்டரும், பவர் சப்ளையும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கும் 5 ஆம்பியருக்குக் கணக்குப் பார்த்துப் போட்டவை. நல்ல ஆம்ப்பாக இருந்தால் பாதுகாப்புச் சர்க்யூட் சத்தத்தை நிறுத்திவிடும், இல்லையென்றால் ஃபியூஸ் போகும். இரண்டும் இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் போகும். சில சமயம் அது ஷார்ட் ஆகி, நேர் மின்சாரத்தை (DC) அப்படியே ஸ்பீக்கருக்குள் தள்ளி, புது ஸ்பீக்கரின் காயிலையும் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) எரித்துவிடும்.

இதில் மோசம் என்னவென்றால், முதல் ஐந்து நிமிஷம் எல்லாம் பிரமாதமாகப் பாடும். சத்தம் முன்பைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் மண்டபம் பக்கம் ஒரு விழாவில் நானே இப்படி மாட்டிக்கொண்டேன். மாலையில் சோதித்தபோது ஆஹா என்று இருந்தது. இரவு மூன்றாவது பாட்டில் மேடைக்குப் பின்னால் கருகிய வாடை வந்தது. மீதிக் கச்சேரி பேஸ் இல்லாமலேயே ஓடியது. அன்று வாங்கிய திட்டுக்கு அப்புறம் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ஸ்பீக்கரையும் நான் இணைப்பதில்லை.

இந்தத் தப்பு நம் பக்கம் அதிகம் நடக்க ஒரு காரணம் உண்டு. கோவில் கொடையோ, சந்தனக்கூடோ, சப்பரமோ, எங்கும் நாம் பார்த்து வளர்ந்தது மைக் செட். மைக் செட்காரர் ஒரே லைனில் குழாய் மேல் குழாயாகச் சேர்த்துக்கொண்டே போவார், ஒன்றும் ஆகாது. அது 100 வோல்ட் லைன். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அங்கே வாட்டைக் கூட்டிப் பார்த்தால் போதும். பேஸ் ஆம்ப் அந்த ஜாதி இல்லை, நேராக வாய்ஸ் காயிலை ஓட்டுகிறது. கோவில் தூண்களில் தொங்கும் நெட்டையான காலம் (column) ஸ்பீக்கர்களையும் இதே காரணத்துக்காக இதில் சேர்க்க வேண்டாம்.

சரி, உங்கள் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று கண்டுபிடிப்போம். ஆம்ப்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை வெளியே எடுங்கள். அதற்கு முன்னால் வயர் எப்படிப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சீரிஸா பேரலலா என்பது அதிலேயே தெரியும். ஸ்பீக்கர் முனைகளிலிருந்து வயரைக் கழற்றுங்கள். கழற்றாமல் அளந்தால் இரண்டும் சேர்ந்த கணக்கு வந்து குழப்பும். மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் மீட்டர் வயரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டினால் அது மீட்டர் வயரின் தடை, கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்பீக்கரில் வையுங்கள். ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் வந்தால் அது 8 ஓம் ஸ்பீக்கர். மூன்றிலிருந்து மூன்றே முக்காலுக்குள் என்றால் 4 ஓம். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்றால் 16 ஓம்.

எட்டு என்று எழுதிவிட்டு ஆறு காட்டுகிறதே, மீட்டர் கெட்டுவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. மீட்டர் அனுப்புவது நேர் மின்சாரம், அது காயில் கம்பியின் தடையை மட்டும்தான் பார்க்கும். பாட்டு ஓடும்போது போவது அலை மின்சாரம் (AC). அதற்கு ஸ்பீக்கர் காட்டும் தடை சுரத்துக்குச் சுரம் மாறும். கோன் (ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கூம்பு) தானாக அதிர விரும்பும் அலைவரிசையில் அது 30, 40 ஓமுக்கு மேல்கூட எகிறும், வேறோர் இடத்தில் 7-க்கு இறங்கும். '8 ஓம்' என்பது இத்தனைக்கும் சேர்த்து வைத்த ஒரு பெயர்.

சத்தமே இல்லாத ஸ்பீக்கரில் மீட்டர் எதையும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது கோனுக்குப் போகும் பின்னல் கம்பி உப்பில் இற்றுப்போயிருக்கிறது. பின்னல் கம்பி என்றால் பற்றவைத்துச் சரிசெய்யலாம், ஸ்பீக்கரே வாங்க வேண்டாம். அதை முதலில் பாருங்கள். கரகரப்பதை மேசையில் மல்லாத்தி, கோனின் இரண்டு பக்கமும் விரலை வைத்துச் சமமாக அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவில் துரு இறங்கிவிட்டது. கடற்கரையில் பாதி ஸ்பீக்கர் சாவது இப்படித்தான்.

இனி எதை வாங்குவது? அளவு ஆறுக்குப் பக்கத்தில் வந்து, வயரும் பேரலல் என்றால், இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் வாங்கிப் பழையபடியே மாட்டுங்கள். அதுவே முதல் வழி. ஒன்றை மட்டும் மாற்றுவதானால் அதே ஓம், கூடுமானவரை அதே மாடல். ஒன்று 8, ஒன்று 4 என்று கலந்தால் மொத்தம் 2.67 ஓமாகி ஆம்ப்புக்கும் ஆபத்து. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு வாட்டை இழுத்துத் தானும் முதலில் போகும்.

4 ஓம் ஜோடியை விடவே மனமில்லை என்றால் அதற்கும் வழி உண்டு: சீரிஸில் மாட்டுங்கள். மொத்தம் 8 ஓம். டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு ஓம் கூடுவதால் ஒரு கெடுதலும் இல்லை, நிம்மதியாக ஓடும். வாட் மட்டும் ஏறக்குறைய பாதியாகும், நடைமுறையில் 50-க்குச் சற்று மேலேயே கிடைக்கும். பாதி வாட் என்றதும் பாதிச் சத்தம் என்று பயப்படாதீர்கள். குறைவது 3 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு), காதுக்கு 'கொஞ்சம் இறங்கியிருக்கிறது' என்றுதான் படும். பாதிச் சத்தம் என்று காது சொல்ல வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் குறைய வேண்டும். ஆனால் சீரிஸில் ஒன்று அறுந்தால் இரண்டும் ஊமை. திருவிழா நடுவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆம்ப்பில் வெளி ஸ்பீக்கருக்கான சாக்கெட் இருந்தால், அதில் மாட்டுவதும் சாதாரணமாகப் பேரலலில்தான் சேரும். உள்ளே ஏற்கெனவே 4 ஓம் இருந்து, ஆம்ப் தாங்கும் குறைந்தபட்சமும் 4 என்றால் அந்த சாக்கெட்டைத் தொடாதீர்கள்.

இதுவரை சொன்னது டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு. யாரிடமாவது வால்வ் ஆம்ப் இருந்தால் கணக்கு வேறு: அதில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் ஓம் சரியாகவே பொருந்த வேண்டும், ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டக்கூடாது.

ஓம் சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் முடிந்தது. கடையில் 4 ஓம் ஜோடி மலிவாகக் கிடைக்கிறது என்றதுமே எனக்குச் சந்தேகம், அது கார் ஸ்பீக்கராக இருக்கலாம். 12 வோல்ட் பேட்டரியில் வாட் எடுக்க வேண்டியிருப்பதால் கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓமில் வருகின்றன. கார் வூஃபர் சின்ன இடத்தில் தரையதிர வைக்கச் செய்தது. பேஸ் கித்தாரின் விரல் சத்தம், கம்பியின் மேல் சுரங்கள் எல்லாம் அதில் மங்கிப்போகும். அதைவிடப் பெரிய இடி சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் என்ற எண் அது. பழைய ஸ்பீக்கர் 95, புதியது 89 என்று வைத்துக்கொள்வோம். 6 டெசிபெல் குறைவு என்றால் 100 வாட் ஆம்ப் 25 வாட் ஆம்ப் போல் பாடும். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணைப் பாருங்கள்.

லீட் கித்தார் ஸ்பீக்கரும் வேண்டாம். பேஸின் தடித்த ஈ (E) கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, ஐந்து கம்பி பேஸில் பி (B) கம்பி 31-க்கு இறங்கும். கித்தார் ஸ்பீக்கரின் கோன் அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகச் செய்ததல்ல, அடித்துக் கிழியும். பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தமும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதி, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்த கணக்கு இதற்கு இருக்கிறது. நல்ல ஸ்பீக்கரின் தாளில் தீல்-ஸ்மால் எண்கள் அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் கணக்குப் போட வேண்டாம். 'பேஸ் கித்தாருக்கான 10 இஞ்ச், 8 ஓம்' என்று கேட்டு, அந்தத் தாள் உள்ளதை வாங்கினாலே பெரும்பாலும் சமாளிக்கலாம். வாட் தொடர்ச்சியாகத் தாங்கும் அளவில் ஒவ்வொன்றும் 100 இருந்தால் நிம்மதி. அட்டைப் பெட்டியில் பி.எம்.பி.ஓ. (ஒரு கணத்து உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைப் படிக்கவே படிக்காதீர்கள்.

பழையதையே கோன் மாற்றி எடுப்பதும் மோசமில்லை, காந்தமும் சட்டமும் நன்றாக இருந்தால் மலிவாக முடியும். ஒன்று மட்டும்: கையில் வாங்கும்போதே மீட்டர் வைத்துப் பாருங்கள். கைக்குக் கிடைத்த காயிலைப் போட்டு 8 ஓம் ஸ்பீக்கர் 4 ஓமாகத் திரும்பிவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மாட்டும்போது ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தால் மறு கையால் கோனை மறைத்துக்கொள்ளுங்கள். காந்தம் இழுத்துப் புதுக் கோனில் ஓட்டை விழுவது கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும். ஒரு டார்ச் பேட்டரி எடுத்து, அதன் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில், மைனஸை மைனஸில் ஒரு நொடி தொடுங்கள். கோன் முன்னால் துள்ள வேண்டும், இரண்டும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் ஓம் எல்லாம் சரியாக இருந்தும் பேஸ் காணாமல் போயிருக்கும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் புகாதபடி ஃபோம் பட்டை ஒட்டுங்கள். பழைய வயர் முனையில் செம்பு பச்சை பூத்திருந்தால் பளபளப்பான கம்பி தெரியும்வரை வெட்டிவிட்டு ஈயம் வையுங்கள். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பெட்டியைக் கடல் பார்த்த சன்னலுக்கு அடியில் வைக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியபின், ஆம்ப்பை ஆன் செய்யுமுன் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் கடைசியாக ஒருமுறை மீட்டர் வையுங்கள், ஆம்ப் பக்கத்திலிருந்து கழற்றிய நிலையில். இரண்டு 8 ஓம் பேரலலில் மூன்றுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், ஒன்றரை காட்டினால் எங்கோ தப்பு. அப்புறம் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒத்திகையில் ஒரு மணி நேரம் முழுசாக வாசியுங்கள். நடுநடுவே பின்பக்க ஹீட்சிங்க்கில் கையை வையுங்கள். ஐந்து எண்ணும்வரை கை தாங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடி அளவுகளை எடுத்து எனக்கு எழுதுங்கள்.