பேக்கேஜ் வாங்குவதற்கு முன் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 60 பேர். ஊழியர் நலப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பரிசோதனை முகாம், தினம் 10,000 காலடி நடைப் போட்டி, மாதம் ஒரு உணவு வகுப்பு என்று ஒருவர் வருடப் பேக்கேஜ் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த முகாமுக்கு வரும் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெறுங்காலோடு ஏறி நின்றால் உடம்பு வழியே லேசான மின்சாரத்தை அனுப்பி, உள்ளே இருக்கும் நீரை வைத்துக் கொழுப்பைக் கணக்குப் போடும். தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் வியர்த்துவிட்டு வந்தாலும் எண் மாறும். 35 வயதுக்காரர் கையில் 'உடல் வயது 48' என்று சீட்டு கொடுப்பார்கள், அவர் பயந்து நிற்கும்போதே பக்கத்து மேஜையில் புரோட்டீன் பவுடரைக் காட்டுவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பரிசோதிப்பவரே பவுடரும் விற்றால் உள்ளே விடாதீர்கள். யாருக்கு என்ன ரிசல்ட் என்று பெயரோடு நிர்வாகத்துக்குப் போகவும் கூடாது.

அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 160 கிளைகளில், ஏறக்குறைய 33,000 ஊழியர்களிடையே இப்படி ஒரு நலத்திட்டத்தைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் கூடினார்கள். ஆனால் 18 மாதம் கழித்தும் எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், விடுப்பு எதிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. 10,000 காலடி என்பதும் 1960-களில் ஜப்பானில் விற்ற, காலடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவிய எண்தான். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, அதையும் துண்டு துண்டாகச் செய்யலாம், மாடிப்படி ஏறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும்.

அப்புறம் என்ன செய்வது? மதியம் ஒரு மணி நேரத்துக்கு மீட்டிங் கிடையாது என்று எழுத்தில் வாங்குங்கள். இதற்குப் பைசா செலவில்லை, ஆனாலும் இதற்குத்தான் நிர்வாகம் கையெழுத்துப் போடாது. முகாமுக்கு நிதி உண்டு, ஃபோட்டோ உண்டு. நிதானமாகச் சாப்பிட்டுப் பத்து நிமிடம் நடக்க மட்டும் நேரம் இல்லையாம்! மீட்டிங்கில் பிஸ்கட் தட்டுக்குப் பதில் பழம் வையுங்கள், தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மாடிப்படிக் கதவைப் பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள், லைட் எரிகிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றே ஒன்று, இதை விட்டுவிடாதீர்கள். ஆரோக்கியம் என்று சொல்லிச் சர்க்கரை டப்பாவை அடியோடு எடுத்துவிடக் கூடாது. இன்சுலின் போடுபவர், சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் மதியச் சாப்பாடு தள்ளிப்போனால், அதிலும் போட்டிக்காக வேகமாக நடந்தால், சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள், தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று 60 பேருக்கும் தெரிந்திருக்கட்டும்.