விபத்தே நடக்காத ஆலைக்கு எதற்குப் பாதுகாப்புப் பரிசோதனை?

ஆளைக் காயப்படுத்தக்கூடிய எதுவும் 'அபாயம்'தான். யாரும் காயப்பட்டிருக்க வேண்டியதில்லை. வன்னியில் கட்டில்லாத கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். பத்து வருசமாக ஒருவரும் விழவில்லை என்பதற்காக அதனருகே பிள்ளையை விளையாட விடுவோமா?

நெல் ஆலையில் மூடியின்றி ஓடும் பெல்ட்டும் அப்படித்தான். பெல்ட் கப்பியைத் தொடும் இடத்தில் சாறத்தின் நுனி பட்டால் போதும், உதறி விலக நேரமே இருக்காது. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இத்தகைய பாகங்களுக்குக் காப்பு வேலி கேட்பது இதனால்தான். தூசியும் அபாயமே, மெதுவாக நெஞ்சைக் கெடுக்கும்.

கையுறை கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். சுழலும் பெல்ட்டருகே அந்தக் கையுறையே சிக்கி கையை உள்ளே இழுக்கும். அங்கே வேண்டியது மூடி.