கால் டன் ட்ரெய்லரைக் கேம்பிங் வண்டியாக்கலாமா?

கேள்வி: என்னிடம் பழைய மஹிந்திரா ஜீப் இருக்கிறது. பேட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் ராணுவத்தில் ஓடிய இரண்டு சக்கர ட்ரெய்லரைப் பார்த்து முன்பணம் கொடுத்திருக்கிறேன். தொட்டி முழுசாக இருக்கிறது, துருவும் இருக்கிறது. அதைச் சரிசெய்து மேலே டென்ட், பின்னால் அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு தேரிக்காடு, மலையடிவாரம் என்று போய்த் தங்க ஆசை. பெயின்ட் அதே ராணுவப் பச்சைதான். எங்கிருந்து தொடங்குவது? (அம்பாசமுத்திரம் வாசகர்)

மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கடைக்கார அண்ணாச்சியிடம் காகிதத்தைக் கேளுங்கள். எஞ்சின் இல்லாவிட்டாலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பதிவில்லாமல் பொதுச் சாலையில் இழுக்கக் கூடாது. ராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டி என்றால், ஏலம் எடுத்தவர் பெயரில் விற்பனைக் கடிதமும் வண்டியை விடுவித்த ஆணையும் இருக்க வேண்டும். நாலு கை மாறி வந்திருந்தால் இடையில் கைமாறியதற்கான ரசீதுகளும் வேண்டும். காகிதத்தில் உள்ள எண்ணும் ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று துருவைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி” என்று பதில் வந்தால், இரும்பின் எடைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்து வாங்கி, சொந்தத் தோட்டத்துக்குள் மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். காகிதம் சரியாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு தடவை காட்டிக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு. நீங்கள் மேலே ஏற்றப்போகும் எதையும் போல்ட் போட்டுக் கழற்றும்படி வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பச்சை நிறத்தை மறந்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட பழைய நம்பரையும் அழகுக்காகக்கூட விட்டுவைக்காதீர்கள். தேரி மண்ணின் செம்பழுப்பு அடித்தால் நம் பக்கத்துக்குப் பொருத்தம், புழுதி படிந்தாலும் தெரியாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் முன்னால் மடக்குகிற ஊன்றுகால், தொட்டியின் அடியில் வடிகால் மூடி, பக்கத்தில் கை பிரேக் நெம்புகோல் எல்லாம் தெரிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ் ஜீப்புக்கென்றே செய்த கால் டன் ட்ரெய்லரின் பாணி இது. அந்த மூல வண்டியின் வெற்று எடை சுமார் 250 கிலோ. கரடுமுரடான பாதையில் 500 பவுண்ட், அதாவது 225 கிலோதான் ஏற்றலாம். தார் ரோட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு. உங்களுக்குத் தேவையான கணக்கு முதலாவதுதான். தொட்டி தண்ணீர் புகாதபடி அடைத்துச் செய்தது, ஆழமான நீரில் மிதக்கும். அதே தொட்டிக்குள் ஐப்பசி மழை தேங்கினால் என்ன ஆகும்? உள்ளளவு ஏறக்குறைய ஆறடிக்கு நாலடி. ஓர் அங்குலம் நின்றாலே 50 லிட்டருக்கு மேல், அதாவது 50 கிலோவுக்கு மேல். வடிகால் மூடிகள் திறக்கின்றனவா என்பதை முதல் நாளே பாருங்கள். பெரும்பாலும் துருவேறி இறுகியிருக்கும். சுத்தியலால் அடிக்காமல் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்துத் திறக்க வேண்டும்.

அடுத்து துரு. மேலே தெரிகிற செந்துரு பெரிய விஷயமில்லை. தொட்டியும் அடிச் சட்டமும் ஒட்டும் இடம், அதிர்வைத் தாங்கும் கமான் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) தாங்கிகள் வெல்டான இடம், சக்கர வளைவின் உட்பக்கம் ஆகிய மூன்றிலும்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது. சின்னச் சுத்தியலை எடுத்து ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பேசும். உள்ளே அரித்த இடம் ‘தொப்’ என்று அமுங்கும். அங்கே திருப்புளியால் குத்தினால் உள்ளே போகும். அப்படி ஓட்டை விழுந்த தகட்டின் மேல் பட்டி பூசி மறைப்பது கடைக்காரர்கள் வேலை, உங்களுக்கு வேண்டாம். கெட்ட தகட்டை வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். தாங்கி பிடித்த சட்டமே அரித்திருந்தால் பேரத்தை முறித்துவிட்டு வந்துவிடுவதுதான் லாபம்.

மணல் வீச்சு முறையில் துரு எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கனமான சட்டத்துக்குச் சரி. தொட்டியின் மெல்லிய தகட்டில் அடித்தால் நெளிந்து அலை அலையாகிவிடும். அதற்குக் கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டர் போதும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, குழந்தைகளைத் தூரத்தில் வைத்துக் கையால் தேயுங்கள்; நனைந்த இடத்தில் மின்சார கிரைண்டர் வேண்டாம். பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, அது காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். நம்மூர்ப் பட்டறைகளில் ரெட் ஆக்சைடு ஒன்றே போதும் என்பார்கள். உவரி, கூடுதாழைப் பக்கம் கடற்கரையில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் அது போதாது. உப்புக் காற்று ரெட் ஆக்சைடைச் சீக்கிரம் தின்றுவிடும். சட்டத்தின் பெட்டிப் பகுதிக்குள் கை போகாது, அங்கே மெழுகு சார்ந்த துருத்தடுப்பு எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும்.

அச்சு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். இழுவை வளையத்தின் நடுவிலிருந்து அச்சின் இடது முனைக்கு அளந்து, அதே நூலை வலது முனைக்குக் கொண்டுபோங்கள். வித்தியாசம் இருந்தால் பட்டையின் நடு போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கலாம், அல்லது சட்டம் கோணியிருக்கலாம். இரண்டு டயருக்கும் நடுவே முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுங்கள். அவை மாறினால் அச்சு வளைந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் எத்தனை புது டயர் போட்டாலும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். கமான் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, விரிசல் பார்த்து, புஷ்ஷும் யூ போல்ட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். லாரிப் பட்டை வேலை செய்யும் மேஸ்திரிக்கு இது சிறிய வேலை. ஆனால் அவர் பாசத்தில் இரண்டு பட்டை கூடுதலாக வைத்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பட்டை அதிகமானால் ட்ரெய்லர் குதிக்கும், வளையமும் கொக்கியும் அடிபடும்.

சக்கர பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். இருந்தால் மாற்றுங்கள். ஆயில் சீல் எப்படியும் புதிது. நட்டை நன்றாக இறுக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கொஞ்சம் தளர்த்தி, ஆடாமல் தாராளமாகச் சுழலும் நிலையில் நட்டு கழலாதபடி பூட்டுப் பின்னை மாட்டுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி இறங்கி ஹப்பில் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கும்படி சுட்டால் இறுக்கம் அதிகம். ஓடை கடக்கும் பழக்கம் இருந்தால் இன்னொன்று: சூடான ஹப் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கரையில் சற்று நின்று ஆறவிட்டு இறங்குங்கள். அந்தப் பயணம் முடிந்ததும் கிரீஸை மாற்றுங்கள்.

டயரில் ஒரு ஏமாற்றம் உண்டு. 6.00-16 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் கைக்கு வருவது டிராக்டர் முன் டயராக இருக்கும். அளவு ஒன்றே, வேகம் வேறு. பக்கச் சுவரில் ஏ6 என்று இருந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40. நாற்கரச் சாலையில் அதை வைத்து ஓட்ட முடியாது. ஜீப் டயர் என்றே கேட்டு வாங்குங்கள். பழைய மஹிந்திரா ஜீப்பிலும் வில்லிஸ் வகை ட்ரெய்லரிலும் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர். கிப்சி, ஜிம்னிக்கும் அதே அளவுதான். உங்கள் ட்ரெய்லரையும் அளந்து பாருங்கள். பொருந்தினால் ஜீப்பின் ஸ்டெப்னியே இரண்டுக்கும் ஆகும். சக்கர இடைவெளியும் ஒன்றாக இருந்தால் தேரி மணலில் ஜீப் போட்ட தடத்திலேயே ட்ரெய்லர் வரும், இல்லாவிட்டால் புதிதாக இரண்டு தடம் உழுதுகொண்டு வரும், ஜீப்புக்கு அது பெரும் பாரம். மணலில் இறங்குமுன் நாலு டயரில் மட்டுமல்ல, ஆறிலும் காற்றைக் குறைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இணைப்புக்கு ராணுவப் பாணி வளையமும் தாடைக் கொக்கியும்தான் நல்லது. டிராக்டர் ட்ரெய்லர் மாதிரி இரண்டு தகட்டுக்கு நடுவே ஒரு பின்னைச் செருகிவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். வயல் வரப்பில் மெல்லப் போக அது போதும். மேடுபள்ளத்தில் ஜீப் ஒரு பக்கமும் ட்ரெய்லர் மறுபக்கமும் சாயும்போது அந்தப் பின் முறுக்கப்படும். கொக்கியோ வளையமோ ஏதாவது ஒன்று சுழல வேண்டும். அப்படிச் சுழன்றால் ட்ரெய்லர் கவிழ்ந்தாலும் ஜீப்பைக் கூட இழுத்துக்கொண்டு போகாது. ஜீப்பின் பின் குறுக்குச் சட்டத்தை உள்ளே தகடு வைத்துப் பலப்படுத்திய பிறகே கொக்கியை மாட்டுங்கள். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் குறுக்காகக் கீழே போக வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராணுவ வண்டிகள் பலவும் 24 வோல்ட், உங்கள் ஜீப் 12. பழைய ஒயரையும் பல்பையும் முழுக்கக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக இழுங்கள். எர்த்துக்குக் கொக்கியை நம்பாமல் தனி ஒயர் விடுங்கள். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான் எல்லாம் வேலை செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் ஆசைப் பட்டியல். மேல் மடிப்பு டென்ட் 60 கிலோ, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் 35, லெட் ஆசிட் பேட்டரி 28, தண்ணீர் 60 லிட்டர், அடுப்படிப் பெட்டி 30, சின்ன சிலிண்டர் 12, தனி ஸ்டெப்னி 25. கூட்டினால் 250. அரிசியும் துணியும் ஏறுவதற்கு முன்பே 225-ஐத் தாண்டியாகிவிட்டது. இப்படி நல்ல ட்ரெய்லர்களைக் கொல்வது துருவல்ல, சொந்தக்காரரின் ஆசைதான். இதன் பெருமையே லேசான எடையும் எளிமையும்தான். அதைக் கெடுத்துவிட்டால் சந்தையில் கிடைக்கும் எந்தப் பெட்டி வண்டியையும் வாங்கிக்கொள்ளலாமே.

அதனால் என் யோசனை இப்படி: மேல் டென்டை விடுங்கள். தரையில் அடிக்கும் நல்ல டென்ட் பத்துப் பன்னிரண்டு கிலோதான், உள்ளே விரிக்கப் பத்தமடைப் பாய் இருக்கவே இருக்கிறது. மேலே 60 கிலோ ஏற்றினால் பாரத்தின் மையமும் உயர்ந்து, சாய்வில் கவிழ வாய்ப்பு கூடும் என்பது தனிக்கதை. பேட்டரியை 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றினால் 12 கிலோவில் முடியும், அதில் உள்ளதைக் கிட்டத்தட்ட முழுசாகவே பயன்படுத்தலாம். லெட் ஆசிடில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். தண்ணீர் 40 லிட்டர். ஸ்டெப்னி ஜீப்பில் இருக்கிறது. டென்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு வேலையே இல்லை. கூட்டிப் பாருங்கள், 105-ஐ ஒட்டி வரும். சாமானுக்கும் பிள்ளைகளின் சைக்கிளுக்கும் இடம் மிஞ்சும்.

தண்ணீர் அச்சுக்கு நேர் மேலே இருக்கட்டும், உள்ளே தடுப்பு வைத்த தொட்டியாக இருந்தால் அலை அடிக்காது. கனமான மற்றவை அச்சுக்குச் சற்று முன்னால். அடுப்படிப் பெட்டியைப் பின்னால் தொங்கவிடுவதுதான் எல்லாரும் செய்வது, முன்பக்க எடை குறைந்து ட்ரெய்லர் வாலாட்டுவதும் அதனால்தான். அரிசி ஆலைகளின் எடைமேடையில் ஏற்றி மொத்த எடையைப் பாருங்கள், பிறகு வளையத்தை மட்டும் ஒரு தராசில் வைத்துப் பாருங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு முன்னால் விழ வேண்டும். 470 கிலோ என்றால் 47. சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தொட்டியின் அடியில் தேங்கும். அந்தத் தொட்டி தண்ணீர் வெளியேறாதபடி செய்தது, வாயுவும் வெளியேறாது. அதனால் முன்னால் இழுவைச் சட்டத்தின் மேல், திறந்த கூண்டில் மாட்டுங்கள்.

நிழலுக்குத் தார்ப்பாய் கட்டுவதாக இருந்தால், ஆனி ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் வேண்டவே வேண்டாம். அங்கே காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை.

எங்கே போவது என்பதில் ஒரு வார்த்தை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ட்ரெய்லரை இழுத்துப் போய்க் கூடாரம் அடிக்க முடியாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிறார்களே என்று கேட்பீர்கள். அது வனத்துறை திருவிழாவுக்கென்று சில நாள் மட்டும் தருகிற அனுமதி. தேரியிலும் காப்புக்காடு உண்டு, எல்லைக் கல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் தனியார் தோட்டம் ஏராளம். தோட்டக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கி அங்கே தங்குங்கள். கிணற்றுத் தண்ணீர் கொடுப்பார் என்றால் அந்த 40 லிட்டரையும் காலித் தொட்டியாகவே கொண்டுபோகலாம்.