நான்கு ஸ்பீக்கர் இசைத்தட்டுகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

காலஞ்சென்ற என் தாய்மாமாவின் பெட்டியில் எழுபதுகளின் ராக், ஜாஸ் இசைத்தட்டுகள் கிடைத்தன. பல உறைகளில் ‘குவாட்ராஃபோனிக்’ என்று போட்டிருக்கிறது. அவருடைய நாலு ஸ்பீக்கர் செட்டை வீட்டில் எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது சாதாரண ஸ்டீரியோ பிளேயர். அதில் போட்டால் தட்டு கெட்டுவிடும் என்கிறார் ஒருவர். தொடாமல் வைத்தால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் இன்னொருவர். தோற்றுப்போன இந்தச் சமாசாரத்தை நீங்கள் ஏன் தேடித்தேடிச் சேர்க்கிறீர்கள்?

க., சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

கெட்டுவிடும் என்றவர் சொன்னது பாதி உண்மை. குவாட்ராஃபோனிக் (சுருக்கமாக குவாட்) என்றால் நாலு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒலி, அதாவது நாலு சேனல். அந்த நாலையும் தட்டில் ஊசி ஓடும் ஒரே பள்ளத்துக்குள் அடைக்க அன்று கம்பெனிக்கொரு வழி வைத்திருந்தார்கள். கொலம்பியாவும் இ.எம்.ஐ.யும் எஸ்.க்யூ., சான்சுய் க்யூ.எஸ்., ஜே.வி.சி.யும் ஆர்.சி.ஏ.வும் சி.டி.-4. (பின்னாளில் வந்த சி.டி. வேறு, இது வேறு.) ஒன்றுக்கென வாங்கிய டீகோடர், அதாவது சேனல்களைப் பிரித்துத் தரும் பெட்டி, மற்றொன்றுக்குச் சரிவராது. எதை நம்பிப் பணம் போடுவது என்று ஜனங்கள் தயங்கினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் எல்லாம் படுத்துவிட்டது.

எஸ்.க்யூ., க்யூ.எஸ். தட்டுகளைத் தைரியமாகப் போடுங்கள். நாலு சேனலையும் இரண்டாகக் கலந்துதான் பதித்திருக்கிறார்கள். ஊசிக்கு அது வெறும் ஸ்டீரியோ. ஆனால் கலந்ததைப் பிரிப்பது லேசல்ல. எளிய எஸ்.க்யூ. டீகோடரில் முன்னுக்கும் பின்னுக்கும் 3 டெசிபல்தான் வித்தியாசம். எதிரே நிற்க வேண்டிய பாடகர் முதுகுப்பக்கமும் பாடுவார். இப்போது தட்டைக் கணினியில் பதிவுசெய்து மென்பொருளால் பிரிக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளைவிட நன்றாகவே பிரிகிறது.

எச்சரிக்கை சி.டி.-4க்குத்தான். உறையில் ஆர்.சி.ஏ. பெயரும் ‘குவாட்ராடிஸ்க்’ என்ற சொல்லும் இருந்தால் அது இந்த வகை. பள்ளத்தின் ஒவ்வொரு சுவரிலும், நாம் கேட்கும் ஒலிக்கு மேலே 30 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஊர்தி அலை ஓடுகிறது. முன், பின் சேனல்களைப் பிரிக்கும் தகவல் அதன்மேல் ஏறி 45 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அவ்வளவு நுண்ணிய நெளிவை உருண்டை முனை ஊசியால் படிக்க முடியாது. கனமாக அழுத்தினால் தேய்த்தே அழித்துவிடும். ஜே.வி.சி.யின் ஷிபாட்டா இதற்கென்றே வேறு வடிவத்தில் ஒரு ஊசிமுனை செய்தார். பள்ளத்தின் சுவரில் மேலிருந்து கீழாக நீளமாகப் படிவதால் அழுத்தம் ஓரிடத்தில் குவியாது. இன்றும் விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜ்களில் (ஊசியைத் தாங்கும் பாகம்) ‘ஷிபாட்டா’ என்று பார்க்கலாம். குவாட் போன பிறகும் நிலைத்தது அந்த ஊசிதான். பழைய சி.டி.-4 தட்டு வாங்குவது சூதாட்டம். முந்தைய சொந்தக்காரர் எந்த ஊசி வைத்தார் என்று உறை சொல்லாது. ஸ்டீரியோவில் சுத்தமாக ஒலிப்பது நாலு சேனலில் கரகரக்கும்.

ஏன் சேர்க்கிறேன்? மிக்ஸுக்காக. தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து அளவு பார்ப்பதுதான் மிக்ஸ்; குவாட் பதிப்புக்குப் பெரும்பாலும் அதைத் தனியாகச் செய்தார்கள். ஸ்டீரியோவில் அமுங்கிக் கிடக்கும் கிட்டார் இதில் தனியே எழுந்து நிற்கும். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ தொகுப்புக்கு ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் செய்த குவாட் மிக்ஸ் 1973இல் வந்தது; அது அதிகாரபூர்வமாக டிஜிட்டலில் வர 2011 ஆயிற்று. இன்னும் வராதவை எத்தனையோ. பிரிக்காத சீலுக்கு விலை பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

உங்கள் மாமாவை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. நம் தென்னாப்பிரிக்காவுக்கு டி.வி. வந்ததே 1976இல். அதுவரை முன்னறை, ரேடியோவும் தட்டு பிளேயரும் சேர்ந்த ரேடியோகிராமுடையது. சாட்ஸ்வொர்த்தின் கவுன்சில் வீட்டு முன்னறையில் நாலு மூலைக்கும் ஸ்பீக்கர் வைத்தால் பின் சேனல் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான்!

பழைய செட் தேடுவதானால் ஒரு விஷயம். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட், நம்முடையது 230. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 60க்குச் செய்த சில டர்ன்டேபிள்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். டர்ன்டேபிளை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். உறைகளைப் படமெடுத்து அனுப்பினால், எது எந்த வகை என்று எழுதுகிறேன்.