கீழாநெல்லியில் பில்லாந்தின் ஏன் குறைகிறது?

கேள்வி: கீழாநெல்லி பயிரிட்டேன். நன்றாக முற்றட்டும் என்று விட்டு, அடியிலைகள் கொட்டத் தொடங்கிய பிறகு வேரோடு பிடுங்கி, களத்தில் கடும் வெயிலில் காயவைத்து அனுப்பினேன். பில்லாந்தின் குறைவு என்று சரக்கைத் திருப்பிவிட்டார்கள். என்ன உரம் போட்டால் இது கூடும்?

பதில்: உரத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் சரக்கில் இலை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்.

பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் இரண்டும் லிக்னான் என்ற வகையைச் சேர்ந்த, செடியே உண்டாக்கும் வேதிச் சேர்மங்கள். கீழாநெல்லியின் தரத்தை இவற்றை வைத்துத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். இவை மிகுதியாக இருப்பது இலையில்; தண்டில் கொஞ்சம், வேரில் பெயருக்குத்தான். நீங்கள் அனுப்பியதில் தண்டும் வேரும்தான் எடையை நிரப்பியிருக்கும். தொழு உரம் இலையைப் பெருக்கும், சரி. அந்த இலை வயலிலும் களத்திலும் உதிர்ந்துவிட்டால் என்ன பயன்?

முற்றினால் சத்து ஏறும் என்பது சில கிழங்குப் பயிர்களுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. நட்டு 80 முதல் 100 நாளுக்குள், செடி பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். தார்ப்பாயின் மேல், காற்றோட்டமான நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். கடும் வெயிலில் இலை மொறுமொறுவென்று காய்ந்து, புரட்டும்போதே நொறுங்கிவிடும். தார்ப்பாயில் தங்கும் இலைத்தூளைக் குப்பை என்று உதறிவிடாதீர்கள், உங்கள் சரக்கிலேயே விலைமதிப்புள்ள பகுதி அதுதான். ஈரத்தோடு குவித்தால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

திரும்பி வந்த மூட்டையிலிருந்து இலையை மட்டும் பிரித்து ஒரு மாதிரியும், கலந்தபடியே ஒரு மாதிரியும் எச்.பி.எல்.சி. சோதனைக்கு (சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) அனுப்புங்கள். இலையில் அளவு நன்றாக இருந்தால், அறுவடையிலும் காயவைத்ததிலும்தான் கோளாறு. வேரையும் தடித்த தண்டையும் நீக்கிக் கொடுத்தால் அளவு ஏறும்; ஆனால் சிலர் முழுச்செடியாகத்தான் கேட்பார்கள், வாங்குபவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இலையிலும் குறைவாக வந்தால் விதையைச் சந்தேகியுங்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இனங்கள் பல உண்டு. நமக்கு வேண்டிய கீழாநெல்லி இனமான பில்லாந்தஸ் அமாரஸ் (தாவரவியல் பெயர்) பூவில் 5 இதழ்கள் இருக்கும். காய் வழவழப்பாக, சிறு காம்போடு தொங்கும். 6 இதழ் இருந்தால் அது வேறு இனம். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பின்றி ஒட்டியிருந்தால் அதுவும் வேறு. கைலென்ஸ் வைத்துப் பார்த்து, சரியான செடிகளில் மட்டும் அடுத்த போகத்துக்கு விதை எடுங்கள்.