மாடியில குரோ பேக்ல வச்ச தக்காளி அடிப்பக்கம் கருத்துப் போகுது, ஏன்?

அது பூச்சியும் இல்ல நோயும் இல்லங்க, காய்க்கு கால்சியம் போய்ச் சேரல. மண்ணுல கால்சியம் இருந்தாலும் தண்ணிதான் அத மேல கொண்டுபோகணும், பை ஒருநாள் காய்ஞ்சு மறுநாள் சொதசொதன்னு நின்னா காய் நுனி வரைக்கும் போகாது. முட்டை ஓடு போட்டா உடனே சரியாகும்னு நம்பாதீங்க, அது மக்கவே மாசக்கணக்காகும் (யூட்யூப்ல என்ன வேணா சொல்வாங்க). தெனமும் ஒரே அளவா ஊத்துங்க, மேல காய்ஞ்ச எலைய மூடாக்கா போடுங்க, வெயில் நாள்ல சாயங்காலமும் விரல விட்டுப் பாத்து ஈரம் இல்லன்னா ஊத்துங்க. வெறும் கோகோபீட்ல (தேங்காய் நார்த் தூள்) சத்து பெருசா கிடையாது, செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூணும் சமமா கலந்து 12 இஞ்ச் பையில வைங்க. நாத்து நடும்போது பாதித் தண்டு புதையட்டும், அதுலயும் வேர் விடும். யூரியா வேணாம், எலைதான் கொழுக்கும். கருத்த காய பறிச்சு, நல்ல பாகத்த ரசத்துக்குப் போடலாம்.